“ஏன்?” என்று கேட்டால் பரிசு!

ஜெருசலேம் சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டியைக் கைது பண்ணி வைத்திருந்தார்கள்.

நிஜமாகத்தான். ரொட்டி, பிஸ்கட், பீர் வகையறா இருந்த அலமாரிகளை எல்லாம் வெள்ளை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, ஓரத்தில் டேப் ஒட்டிக் கிட்டத்தட்ட சீல் வைத்தாகிவிட்டது. பக்கத்து அலமாரியில் ஜாம் இருக்கிறது. வெண்ணெய் இருக்கிறது. தடவிக்கொள்ள ரொட்டிதான் இல்லை. கல்லாவில் இருந்த பையனிடம், “என்னப்பா விஷயம்?” என்றேன். “பெசாக்!” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டான்.

இது நடந்தது 2017 ஏப்ரலில். கம்பெனி வேலையாக இரண்டு வாரம் அனுப்பியிருந்தார்கள். நம் ஊர்க் கணக்கில் பங்குனிக் கடைசி. சரியாக நடுவில் இந்தப் பண்டிகை வந்து விழுந்தது.

பெசாக் என்றால் வேறொன்றுமில்லை, தமிழ் பைபிளில் ‘பஸ்கா’ என்று வருமே, அதுதான். எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த யூதர்களை மோசே மீட்டுக் கூட்டிப் போன கதை. 1956-ல் வந்த ‘டென் கமாண்ட்மெண்ட்ஸ்’ பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். சார்ல்டன் ஹெஸ்டன் தாடியும் தடியுமாகக் கடலைப் பிளப்பார். கிளம்புகிற அவசரத்தில் பிசைந்த மாவு புளிக்க நேரமில்லை. அப்படியே சுட்டு எடுத்துக்கொண்டு ஓடினார்கள் என்பது வேதத்தில் இருக்கிற சேதி. அந்த ஞாபகத்துக்காக இஸ்ரேலில் ஏழு நாள், வெளிநாட்டு யூதர்களில் பெரும்பாலோர் எட்டு நாள், புளித்த மாவுப் பண்டம் எதையும் தொட மாட்டார்கள். தொடாதது மட்டுமில்லை, வீட்டில் வைத்திருக்கவே கூடாது. பண்டிகை நாட்களில் கடைகளில் ரொட்டியை விற்பனைக்குப் பரப்பி வைக்கக் கூடாது என்று 1986-ல் சட்டமே போட்டுவிட்டார்கள்.

சரி, அரசாங்கக் கிடங்குகளில் மலைமலையாகக் கிடக்கும் சரக்கை என்ன செய்வது? இங்கேதான் யூத மூளை வேலை செய்கிறது. அத்தனையையும் யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிடுகிறார்கள்! 1997-லிருந்து இருபது வருஷத்துக்கு மேல் அதை வாங்கிக்கொண்டிருந்தவர், ஜெருசலேம் பக்கத்தில் அபு கோஷ் என்ற ஊரைச் சேர்ந்த அரபு முஸ்லிம். ஓட்டல் உத்தியோகஸ்தர். கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து முறைப்படி பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார். பண்டிகை முடியும். பாக்கிப் பணத்தைக் கட்ட மாட்டார். உடனே ஒப்பந்தம் ரத்து. சரக்கு சர்க்காருக்கு, அட்வான்ஸ் அவருக்கு. வருஷத்துக்கு ஒரு வாரம் ஒரு நாட்டின் ரொட்டிக்கெல்லாம் ராஜா! நம்மில் யாருக்கு ஸார் இந்த யோகம் அடிக்கும்?

ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர் ஒருவர். நாற்பது வயசு இருக்கும். “பண்டிகை அன்னிக்கு ஓட்டல் ரூம்ல உட்கார்ந்து என்ன பண்ணப் போறீங்க? வீட்டுக்கு வாங்க. முந்தின நாள் ராத்திரியே வந்துடுங்க. வேட்டை இருக்கு” என்றார்.

வேட்டையா? துப்பாக்கி ஏதாவது கொடுப்பார்களோ என்று கவலையோடுதான் போனேன். கொடுத்தது ஒரு கோழி இறகு.

அவர்கள் வீட்டில் பத்து நாளாகச் சுத்தம் செய்கிற யக்ஞம் நடந்திருக்கிறது. நம் போகியையும் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதையும் சேர்த்து இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். சோபா இடுக்கில் குச்சி விட்டு பிஸ்கட் தூளை நோண்டி எடுக்கிறார்கள். ஆகக் கடைசியாக, முந்தின ராத்திரி, வீட்டம்மா பத்துத் துண்டு ரொட்டியைத் தாளில் சுற்றி வீடு பூராவும் ஒளித்துவைக்கிறார். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, அப்பா மெழுகுவத்தி பிடிக்க, பிள்ளைகள் கையில் இறகும் மரக்கரண்டியுமாகத் தேடுகிறார்கள். கண்டுபிடித்த துண்டை இறகால் கரண்டியில் தள்ளி, பைக்குள் போட்டு, மறுநாள் காலையில் எரித்துவிட வேண்டும்.

பதினோரு வயசுப் பையன், ஆறு வயசுப் பெண். இருட்டில் மேஜைக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் ஒரே கூச்சல். ஒன்பது துண்டு கிடைத்தது. பத்தாவதைக் காணோம். வீட்டுக்காரர் நாலு காலில் தவழ்ந்துகொண்டு, “எங்கேம்மா வெச்சே?” என்றார். “அது தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?” என்றார் மனைவி. கடைசியில் அது என் ஷூவுக்குள்ளிருந்து வெளிவந்தது.

சின்னவள் சிரித்த சிரிப்பில் மெழுகுவத்தி அணைந்துவிட்டது. அவள் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். அந்த ஊரில் அங்கிள், ஸார் எல்லாம் கிடையாது. வாத்தியாரையே பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

மறுநாள், ஏப்ரல் 10, திங்கட்கிழமை. சாயங்காலம் ஆனதும் ஊரே வீட்டுக்குள் போய்விட்டது. பஸ் இல்லை, டிராம் இல்லை. யாஃபா சாலையிலிருந்து பெய்த் ஹகெரெம் வரைக்கும் நடந்தே போனேன். அவர்கள் வீடு நாலாவது மாடி. மேஜையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். நாற்காலிகளில் எல்லாம் தலையணை. வீட்டுக்காரரின் அப்பா நடுநாயகமாக இருந்தார். எண்பத்தைந்து வயது, போலந்துக்காரர். வீட்டம்மாவின் குடும்பம் ஈராக்கிலிருந்து வந்தது.

இந்த ராத்திரி விருந்துக்கு ‘செடர்’ என்று பெயர். ஒழுங்கு, வரிசை என்று அர்த்தம். படிக்க வேண்டிய புத்தகம் ‘ஹகடா’, அதாவது ‘சொல்லுதல்’. பெரியவர் கையிலிருந்த பிரதியில் பக்கத்துக்குப் பக்கம் ஒயின் கறை. வெட்கப்பட வேண்டியதில்லை. ஸ்பெயினில் சுமார் 1350-ல் எழுதப்பட்டு, இப்போது சரயேவோ மியூசியத்தில் பொக்கிஷமாக இருக்கிற ஹகடாவிலேயே ஒயின் கறை இருக்கிறது. கறை படிந்தால்தான் உபயோகப்பட்ட புத்தகம்!

முதல் சடங்கிலேயே குழம்பிவிட்டேன். பச்சை இலையை உப்புத் தண்ணீரில் தொட்டுக் கொடுத்தார்கள். சரி, இனி சாப்பாடு வரும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், வரவில்லை. மூன்று மட்சாக்களில் நடுவில் உள்ளதை எடுத்துப் பெரியவர் இரண்டாக உடைத்தார். பெரிய பாதியைத் துணியில் சுற்றி ஒளித்துவைத்தார். இதென்ன, பசியோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் எதிரில் சாப்பாட்டை ஒளிக்கிறார்கள்?

“இப்ப உங்களுக்கு என்ன தோணுது?” என்றார் நண்பர்.

“ஏன் இப்படிப் பண்றாங்கன்னு தோணுது.”

“அதுக்குத்தான் பண்றோம்!”

விஷயம் இதுதான் ஸார். இந்த ராத்திரி செய்கிற பல விநோதங்களுக்குக் காரணமே, குழந்தை “ஏன்?” என்று கேட்க வேண்டும் என்பதுதான். இது நம் நண்பரின் சொந்தச் சரக்கில்லை. தால்மூத் என்கிற அவர்களுடைய பழைய சட்ட நூலிலேயே இருக்கிறது. ரபி அகிவா என்ற பெரிய ஞானி, சுமார் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தியவர், பெசாக் ராத்திரி குழந்தைகளுக்கு வறுத்த தானியமும் கொட்டைகளும் கொடுப்பாராம். எதற்கு? தூங்கிவிடாமல் இருந்து கேள்வி கேட்பதற்கு. சுத்தமான பொரிகடலை டெக்னிக்!

இன்னொரு கதை இதைவிடப் பிரமாதம். அந்தக் காலத்தில் ஆளுக்கொரு குட்டி மேஜை. சாப்பிடுவதற்கு முன்னாலேயே மேஜையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். அபாயே என்ற பையன், பிற்காலத்தில் பெரிய பண்டிதர் ஆனவர், “இன்னும் சாப்பிடவே இல்லையே, அதுக்குள்ள மேஜையைத் தூக்கறீங்களே?” என்று கேட்டான். அவனை வளர்த்த குரு சந்தோஷமாக, “நல்லதாப் போச்சு. கேள்வியை நீயே கேட்டுட்டே. நாங்க தனியாக் கேட்க வேண்டிய வேலை மிச்சம்!” என்றாராம்.

நம் வீட்டில் இதே கேள்விக்கு முதுகில் ஒன்று விழுந்திருக்கும். “பெரியவங்க செய்யறாங்கன்னா காரணம் இல்லாமலா செய்வாங்க? வாயை மூடிண்டு சாப்பிடு.”

கேட்கிற உரிமை வழக்கமாக வீட்டிலேயே சின்னக் குழந்தைக்கு. ‘மா நிஷ்தனா’ என்ற நாலு கேள்விகளை ராகம் போட்டுப் பாட வேண்டும். மற்ற ராத்திரிகளுக்கும் இந்த ராத்திரிக்கும் ஏன் இத்தனை வித்தியாசம் என்பது சாரம். ஏன் மட்சா மட்டும், ஏன் கசப்புக் கீரை, ஏன் இரண்டு தடவை தொட்டுக்கொள்ள வேண்டும், ஏன் சாய்ந்து உட்கார வேண்டும்... அண்ணன்காரன் போன வருஷம்தான் பதவி இழந்திருக்கிறான். தங்கை நாற்காலி மேல் ஏறி நின்று பாட ஆரம்பித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் அவள் மூன்றாவது கேள்வியில் திக்கித் திணறியபோது அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுத்தது அவன்தான்.

நாலாவது மாடி ஜன்னல் திறந்திருந்தது. எதிர் வீட்டிலிருந்தும் கீழ் வீட்டிலிருந்தும் வேறு வேறு கீச்சுக் குரல்களில் அதே பாட்டு.

புத்தகத்தில் நாலு விதப் பிள்ளைகள் வருகிறார்கள். புத்திசாலி, பொல்லாதவன், அப்பாவி, கேட்கவே தெரியாதவன். ஒவ்வொருத்தனுக்கும் வேறு வேறு பதில். நாலாவது ஆசாமிக்குக் கேட்கத் தெரியாது என்பதால் பெரியவர்களே பேச்சை ஆரம்பிக்க வேண்டும். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

“இன்னிக்கு நாலாவது பிள்ளை இவர்தான்” என்றார் பெரியவர். பேரப் பிள்ளைகளிடம், “இவருக்கு நீங்க சொல்லிக்கொடுங்க. நான் பேச மாட்டேன்” என்று கையைக் கட்டிக்கொண்டார்.

பையன் இங்கிலீஷில் ஆரம்பித்தான். சின்னவள் ஹீப்ருவில் குறுக்கே புகுந்தாள். அப்பா மொழிபெயர்ப்பாளர்.

“உப்புத் தண்ணி கண்ணீர். அடிமையா இருந்தப்ப அழுதது.”

“இந்தக் கசப்பு, வாழ்க்கை கசந்தது.” துருவி வைத்திருந்த ஒரு வேரை நீட்டினான். வாயில் போட்டேன். மூக்கு, காது வழியாகப் புகை வந்தது. இரண்டு பேரும் அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறார்கள்.

“மட்சா, அவசரம்!” மாவில் தண்ணீர் பட்ட பிறகு பதினெட்டு நிமிஷத்துக்குமேல் சும்மா விட்டால் புளிப்புக் கணக்கில் சேர்ந்துவிடும். அதற்குள் சுட்டெடுத்தாக வேண்டும். நம் ஆபீசில் ஒரு டீ குடித்து முடிக்கவே பதினெட்டு நிமிஷம் பத்தாது. ருசி? உப்புப் போடாத பெரிய சைஸ் அப்பளத்தைப் பொரிக்காமல் சுட்டு, அதோடு கொஞ்சம் அட்டைப் பெட்டியைக் கலந்தது மாதிரி.

“இது சிமெண்ட்!” கிண்ணத்தில் பழுப்பாக ஒரு பசை. ஆப்பிள், அக்ரூட், லவங்கப்பட்டை, ஒயின் கலந்து செய்தது. செங்கல் பூசின சாந்தை ஞாபகப்படுத்துகிறதாம். பக்கத்தில் ஈராக் பாணியில் பேரீச்சம்பழப் பாகும் அக்ரூட்டுமாக இன்னொரு கிண்ணம். இரண்டும் தேவாமிர்தம். “கஷ்டத்தோட ஞாபகம் ஏன் இவ்வளவு இனிக்குது?” என்று கேட்டேன். நாலாவது பிள்ளைக்குக் கேட்க வந்துவிட்டது! பையன் தாத்தாவைப் பார்த்தான். பேச மாட்டேன் என்று சொன்னவர் பேசினார்: “கசப்பா வெச்சா அடுத்த வருஷம் குழந்தைங்க மேஜைக்கு வராது.”

நடுவில் ஈராக் வழக்கப்படி ஒரு நாடகம். சின்னவள் மட்சாவைத் துணியில் மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே போய்க் கதவைத் தட்ட வேண்டும். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பார்கள். எகிப்திலிருந்து. எங்கே போகிறாய்? ஜெருசலேமுக்கு. ஜெருசலேமில், நாலாவது மாடியில், லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டு அவள் இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் மட்சாவை மென்று சமாளித்தேன்.

அப்புறம் பத்து வாதைகள். யூதர்களை விடமாட்டேன் என்ற எகிப்து மன்னனுக்குக் கடவுள் கொடுத்த பத்து அடிகள். தண்ணீர் ரத்தமானது, தவளைப் படை, பேன், வெட்டுக்கிளி, இருட்டு... மேஜை மேல் பிளாஸ்டிக் தவளைகள் துள்ள, குழந்தைகளுக்கு ஒரே குஷி. ஒவ்வொரு பேரைப் படிக்கும்போதும் எல்லோரும் கோப்பையில் விரலை நனைத்து ஒரு சொட்டைத் தட்டில் விடுகிறார்கள். குழந்தைகளுக்கு ஒயினுக்குப் பதில் திராட்சை ஜூஸ்.

பத்தாவது வாதை, எகிப்தியர் வீடுகளில் தலைச்சன் பிள்ளைகள் செத்துப்போவது. சொட்டு விட்டாயிற்று. சின்னவள் விரலைச் சூப்பாமல் அப்படியே பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். மேஜை அமைதியாகிவிட்டது. நண்பர் மெதுவாக எனக்குச் சொன்னார்:

“ராஜா கெட்டவன், சரி. அந்தப் பிள்ளைங்க என்ன தப்பு பண்ணினாங்கன்னு கேட்கறா.”

எண்பத்தைந்து வயதுக்காரர் உடனே பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “ஒரு தப்பும் பண்ணலை” என்றார் கடைசியில். “அதனாலதான் சொட்டு விடறோம். நமக்கு விடுதலை கிடைச்சிது, சந்தோஷம். ஆனா அதுக்காக அடுத்தவன் அழுதிருக்கான். அப்ப நம்ம கோப்பை நிறைஞ்சு இருக்கக் கூடாது.”

“பத்து சொட்டு போதுமா?” என்றாள் சின்னவள்.

“போதாது” என்றார் தாத்தா. அவ்வளவுதான். வேறு விளக்கம் சொல்லி மழுப்பவில்லை. அவள் இன்னொரு சொட்டு விட்டாள். யாரும் தடுக்கவில்லை.

ஒன்பதரை மணிக்கு ஒருவழியாகச் சாப்பாடு. ஒரு பாத்திரத்தில் ஆவி பறக்கச் சோறு! ஊரை விட்டு வந்து எட்டு நாளான எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆனால் மேஜையில் இரண்டு கட்சி. ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் வழக்கப்படி இந்த ஒரு வாரம் அரிசி, பருப்பெல்லாம் கிடையாது. ஈராக் யூதர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். மாமனார் உருளைக்கிழங்குக் கட்சி, மருமகள் அரிசிக் கட்சி. கூட்டணி எப்படியோ ஓடுகிறது. நான் கொள்கை அடிப்படையில் மருமகள் பக்கம் சேர்ந்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே நண்பரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். “குழந்தை இல்லாத வீட்ல யார் கேட்பாங்க?”

“மனைவி கேட்கணும். ரெண்டு பண்டிதர்கள் மட்டும் இருந்தா, பதில் தெரிஞ்சிருந்தாலும், ஒருத்தரை ஒருத்தர் கேட்கணும்.”

“தனி ஆளா இருந்தா?”

“தன்னைத்தானே கேட்டுக்கணும். சட்டத்துல இருக்கு.”

திருவல்லிக்கேணி மேன்ஷன் ரூமில் ஒரு பிரம்மச்சாரி கொடியில் காயும் பனியனைப் பார்த்து நாலு கேள்வி பாடுவதைக் கற்பனை செய்து பார்த்தேன். “நிஜமா யாராவது அப்படிப் பண்ணுவாங்களா?” என்று சிரித்தேன்.

“நான் பண்ணியிருக்கேன்” என்றார் பெரியவர்.

1944. பன்னிரண்டு வயது. போலந்தில் ஒரு குடியானவரின் வைக்கோல் பரணில் ஒளிந்திருக்கிறார். வீட்டிலே அவர்தான் கடைக்குட்டி. வருஷா வருஷம் கேள்வி பாடினவர். அந்த வருஷம் பதில் சொல்ல யாரும் இல்லை. தேதியும் தெரியாது. பலகை இடுக்கில் முழு நிலா தெரிந்தது, பனி உருகிவிட்டிருந்தது. பெசாக் எப்போதும் பௌர்ணமியில்தான் வரும். இதுவாகத்தான் இருக்கும் என்று உத்தேசமாக முடிவு செய்து, சத்தம் வெளியே கேட்காமல், நாலு கேள்வியையும் தனக்குள் பாடியிருக்கிறார். அப்புறம் அப்பா குரலில் பதிலையும் தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

“கசப்புக் கீரைக்குப் பஞ்சமில்லை” என்று சிரித்தார். “மட்சாதான் கிடைக்கலை.”

பேரன் எழுந்து போய் அவர் நாற்காலித் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

இதற்குமேல் கனமாக இருக்க விடுவார்களா குழந்தைகள்? ஒளித்துவைத்த பாதி மட்சாவுக்கு ‘அஃபிகோமன்’ என்று பெயர். கடைசியில் எல்லோரும் அதில் ஒரு துண்டு தின்றால்தான் விருந்து பூர்த்தி. அது இப்போது பிள்ளைகள் வசம். நடந்தது அப்பட்டமான தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை. பையன் சைக்கிளில் ஆரம்பித்தான். நிர்வாகத் தரப்பு புத்தகம் என்றது. நள்ளிரவுக்குள் முடித்தாக வேண்டும் என்பது வழக்கம், அது தொழிலாளிக்குச் சாதகம். பதினொன்றே முக்காலுக்கு சைக்கிளுக்கு மணியும் சேர்த்து ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆறு வயசுக்குப் பேரம் தெரியவில்லை. ஒரு நாய்க்குட்டி கேட்டு, ஒரு பொம்மை நாய்க்குட்டிக்கு ஒப்புக்கொண்டாள்.

பிறகு எலியா தீர்க்கதரிசிக்கு என்று ஒரு கோப்பை நிறைய ஒயின் வைத்து, வாசல் கதவைத் திறந்துவைக்கிறார்கள். குழந்தைகள் மூச்சுவிடாமல் கோப்பையையே பார்க்கிறார்கள், மட்டம் குறைகிறதா என்று. அண்ணன் மேஜையை முட்டியால் லேசாக இடித்தான். ஒயின் அசைந்தது. “குடிச்சிட்டார்!” என்று கத்தினாள் தங்கை. கடைசியில் ஆட்டுக்குட்டியைப் பூனை தின்ன, பூனையை நாய் கடிக்க, நாயைத் தடி அடிக்க என்று நீண்டுகொண்டே போகும் ஒரு பாட்டு. அது முடிவதற்குள் கேள்வி கேட்டவள் தாத்தா தலையணையில் தூங்கிப்போனாள்.

ஒரு மணிக்கு வெளியே வந்தேன். தெருவில் ஆள் இல்லை. மேலே அவர் சொன்ன அதே பௌர்ணமி நிலா.

சொந்த நாடு, கோயில், ராஜா எதுவும் இல்லாமல் பல நூறு வருஷம் ஊர் ஊராகத் துரத்தப்பட்ட ஜனம், தங்கள் கதையை எப்படிக் காப்பாற்றினார்கள் என்று பலர் ஆராய்ச்சி செய்கிறார்கள். நான் பார்த்த வரையில் ஒரு வழி இதுதான். கதையைக் குழந்தைக்குச் சொல்வதோடு அவர்கள் நிறுத்தவில்லை. குழந்தை கேட்காமல் கதையையே தொடங்குவதில்லை. ஆனால் கேள்விக்குக் கதவைத் திறந்தால், நமக்குப் பிடித்த கேள்வி மட்டும் உள்ளே வராது.

2023 அக்டோபரிலிருந்து அந்தப் பக்கத்துச் செய்திகளைப் படிக்கும்போதும், இஸ்ரேல் பிள்ளைகள், காஸா பிள்ளைகள் என்று இரண்டு பக்கத்துப் படங்களையும் பார்க்கும்போதும், எனக்கு அந்தப் பதினோராவது சொட்டுதான் ஞாபகம் வருகிறது. அவள் இப்போது பெரிய பெண்ணாகியிருப்பாள். அவளுக்குப் பிறகு அந்த வீட்டில் குழந்தை பிறக்கவில்லை என்றால், வழக்கப்படி இன்னமும் அவள்தான் கேட்டாக வேண்டும்.

கேட்டுக்கொண்டிருப்பாள் என்றுதான் நம்புகிறேன்.